மறதியும் ஞாபகமும்: வாசகர் கேள்விகளுக்கு வைத்தியரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மறதியைப் பற்றியவை. அவற்றிலிருந்து ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேள்விகளைச் சுருக்கி, எழுதியவர்களின் பெயர்களையும் தேயிலைத் தோட்டங்களின் பெயர்களையும் நீக்கி, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 41. தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். சில மாதங்களாக, ஏதாவது ஒன்றை எடுப்பதற்குக் குசினிக்குள் போனால் எதற்காக வந்தேன் என்பது மறந்துவிடுகிறது. பாடசாலை அலுமாரியின் சாவியை வாரத்தில் இரண்டு முறையாவது தேடுகிறேன். நன்கு தெரிந்த பிள்ளையின் பெயர்கூடச் சில நேரம் வாய்க்கு வருவதில்லை. என் அம்மா தம்முடைய கடைசிக் காலத்தில் எங்களையே அடையாளம் காணாமல் இருந்தார். எனக்கும் அது தொடங்கிவிட்டதா? (கொட்டகலை)

பதில்: எந்த நாளில் எதை மறந்தீர்கள் என்று இரண்டு பக்கங்களுக்குத் திகதி வாரியாக எழுதியிருக்கிறீர்கள். தான் மறந்தவற்றை இவ்வளவு ஒழுங்காக நினைவில் வைத்திருந்து எழுதக்கூடிய ஒருவருக்கு, நீங்கள் அஞ்சுகின்ற முதுமை மறதி நோய் தொடங்கியிருப்பதற்கான வாய்ப்பு குறைவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நோயில் பெரும்பாலும் மறக்கிறவரைக் காட்டிலும் அவருடைய வீட்டாரே முதலில் கலங்குவார்கள்.

சாவியை எடுத்துக்கொள்வோம். அதை வைத்த இடத்தை நீங்கள் மறந்ததாக நினைக்கிறீர்கள். வைத்த நேரத்தில் உங்கள் கவனம் மணி அடித்துவிட்டதா, அடுத்த பாடவேளை எந்த வகுப்பு என்பதில் இருந்தது. கை தன் போக்கில் சாவியை மேசையில் வைத்தது. மனத்தில் பதியாத ஒன்றைப் பின்னர் மனத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? எந்த நேரத்திலும் மனிதர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கக்கூடிய செய்திகள் ஏறத்தாழ நான்குதான் என்று உளவியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். காலையில் ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் புறப்படச் செய்து, பஸ்ஸைப் பிடித்து, நாற்பது பிள்ளைகளின் முன் நிற்கிற ஒருவருக்கு அந்த நான்கு இடங்களும் விடியும்போதே நிரம்பிவிடுகின்றன.

குசினிக்குள் போனதும் மறந்துபோவதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேப்ரியல் ரட்வான்ஸ்கியும் அவருடைய மாணவர்களும் 2011 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரே அறைக்குள் நடந்தவர்களைவிட, அதே தூரத்தை ஒரு வாசலைக் கடந்து நடந்தவர்கள் தாங்கள் கொண்டுபோன பொருளைக் கூடுதலாக மறந்தார்கள் என்று கண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம் மாணவர்கள். வாசலைத் தாண்டும்போது மனம் பழைய அறையின் காரியங்களை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிய அறைக்குத் தயாராகிறது. ஆகவே, புறப்படும்போதே “கத்திரிக்கோல் எடுக்கப் போகிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போங்கள். சொல் வாயில் இருந்தால் வாசல் அதைப் பறிப்பதில்லை. மறந்தேவிட்டால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போய் நில்லுங்கள். பெரும்பாலும் நினைவு வந்துவிடும். சாவிக்கு ஓர் ஆணி அடித்து, அந்த ஆணியைத் தவிர வேறெங்கும் வைப்பதில்லை என்று ஒரு மாதம் பிடிவாதமாக இருங்கள். அதன் பிறகு கவனம் இல்லாமலேயே கை அந்த ஆணிக்குப் போகும்.

பெயர்கள் தொண்டையில் நிற்பது நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் நேர்வது. ஒரு பிள்ளையின் குறும்பும் கையெழுத்தும் வீடும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. பெயர் மட்டும் எதனோடும் ஒட்டாமல் தனியே நிற்கிறது. அப்போது வலிந்து முயன்றால் தவறான பெயரே திரும்பத் திரும்ப வந்து வழியை அடைத்துக்கொள்ளும். பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். சற்று நேரத்தில் பெயர் தானாக வரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரு முறை வைத்தியரைப் பார்த்துவிடுங்கள் என்றும் சொல்கிறேன். இரும்புச்சத்துக் குறைவு, தைரொய்ட் சுரப்பியின் மந்தம், விற்றமின் பி12 குறைவு ஆகிய மூன்றும் ஞாபகத்தைக் குழப்பக்கூடியவை, மூன்றையும் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மூன்றுக்கும் மருந்து உண்டு. நீரிழிவுக்கு நெடுங்காலமாக மெட்போர்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறைவதுண்டு. தடிமனுக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்படும் குளோர்பெனிரமின் போன்ற தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவதும் மனத்தை மந்தமாக்கும். கடிதத்தின் ஓரத்தில், இரவு பதினொரு மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுவதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் உங்கள் மறதிக்கான காரணத்தில் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அம்மாவைப் பற்றி: அறுபது வயதுக்கு முன்பே பல தலைமுறைகளில் தொடர்ந்து வருகிற பரம்பரை வகை மிகவும் அரிது. உங்கள் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயதில் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுடைய வாய்ப்பை ஓரளவு கூட்டுமே தவிர, உங்களுக்கும் வந்தே தீரும் என்று ஆகாது.

கேள்வி: வல்லாரை சாப்பிட்டால் ஞாபகசக்தி வளரும் என்பது உண்மையா? மாத்திரையாகவும் விற்கிறார்கள். (நாவலப்பிட்டி)

பதில்: வல்லாரை நல்ல கீரை. சம்பலாகவோ கஞ்சியாகவோ வாரத்தில் சில நாட்கள் சாப்பிடுங்கள். அது ஞாபகசக்தியை வளர்க்கும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் சான்று இல்லை. மாத்திரைக்குச் செலவிடும் பணத்தில் முட்டையோ மீனோ வாங்குங்கள். பி12 அவற்றில் இருக்கிறது, எந்தக் கீரையிலும் இல்லை.

கேள்வி: அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதப்போகிறேன். ஒரு பாடத்தை ஐந்து தடவை வாசிக்கிறேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிகிறது. மாதிரிப் பரீட்சையில் உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. என் மூளை மற்றவர்களுடையதைவிடக் குறைந்ததா? (ஹப்புத்தளை)

பதில்: தம்பி, உங்கள் மூளையில் குறையில்லை, நீங்கள் படிக்கும் முறையில்தான் குறை இருக்கிறது. அதைத் திருத்திக்கொள்ள ஓர் ஆண்டு தாராளமாகப் போதும்.

ஐந்தாம் முறை வாசிக்கும்போது “தெரிகிறது” என்று தோன்றுவது, பக்கம் பழகிவிட்டதால் வருகின்ற உணர்வு. தெருவில் அடிக்கடி காணும் ஒருவரை அடையாளம் தெரிவதற்கும், அவர் இல்லாத இடத்தில் அவருடைய முகத்தை வரைந்து காட்டுவதற்கும் எவ்வளவு தூரம்! பரீட்சை உங்களிடம் வரைந்து காட்டச் சொல்கிறது. நீங்களோ அடையாளம் காண்பதற்கு மட்டும் பழகியிருக்கிறீர்கள்.

2006 ஆம் ஆண்டு ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதைத் திரும்பவும் வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை வாசித்துவிட்டு, தாளை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடங்களுக்குப் பிறகு கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள்: அவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. திரும்ப வாசித்தவர்களிடம் 42 சதவீதமே மிஞ்சியிருந்தது; எழுதிப் பார்த்தவர்களிடம் 56 சதவீதம் இருந்தது. உங்களுக்கு நேர்வதும் இதுவேதான். படித்த இரவில் எல்லாம் இருக்கிறது, ஒரு வாரத்தில் கரைந்துவிடுகிறது.

கரைவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஜெர்மனியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக மனனம் செய்து, குறித்த காலத்தின் பின் அவற்றை மீண்டும் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று தம்மையே சோதித்து, 1885 இல் வெளியிட்டார். முதல் 20 நிமிடங்களிலேயே ஐந்தில் இரண்டு பங்கு போயிருந்தது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போயிருந்தது. அதன் பின் ஒரு மாதம் வரை மெதுவாகவே குறைந்தது. எனவே முதல் மீட்டலை அன்றோ மறுநாளோ செய்துவிட வேண்டும். அடுத்ததை மூன்று நான்கு நாட்கள் கழித்தும், அதற்கடுத்ததை இரண்டு வாரம் கழித்தும் செய்யலாம். ஒவ்வொரு முறையும் முதலில் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் எழுதுங்கள். தலையில் இருந்து எதுவும் வராமல் தவிக்கிற அந்த இரண்டு நிமிடங்கள் வீண்போவதாகத் தோன்றும், ஆனால் படிப்பு வேரூன்றுவதே அப்போதுதான். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டவற்றைச் சிவப்பு மையால் குறித்துக்கொள்ளுங்கள்.

இரவு இரண்டு மணிவரை விழித்திருப்பதை விட்டுவிடுங்கள். பகலில் கற்றவை ஆழ்ந்த உறக்கத்தில்தான் மூளையின் மேற்பகுதிக்கு இடம் மாற்றி அடுக்கப்படுகின்றன. உறக்கத்தைக் குறைத்துப் படிப்பவர் பகல் முழுவதும் பறித்த கொழுந்தை, அதை நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுபோகாமல் மலையிலேயே விட்டுவருகிறார்.

உங்கள் தாத்தா காமன் கூத்தில் பாடியவர் என்றும், எழுதப் படிக்கத் தெரியாத அவர் இரவு முழுவதும் தாள் இல்லாமல் பாடுவார் என்றும் எழுதியிருந்தீர்கள். அவரிடம் இருந்த முறை உங்கள் பாடப்புத்தகத்துக்கும் பொருந்தும். எதுகையும் மோனையும் ஒரு வரியின் கையில் அடுத்த வரியைப் பிடித்துக்கொடுத்தன; மெட்டு சொற்கள் சிதறாமல் காத்தது; ஒரு பாட்டின் இறுதிச் சொல்லில் அடுத்த பாட்டைத் தொடங்கும் அந்தாதியும், அகர வரிசையில் நிற்கிற ஆத்திசூடியும் இதே நோக்கத்துக்கு உதவியவைதாம். நூறு பேர் நூறு விதமாகக் குறுக்கிடும்போதும் ஒன்றையும் விடாமல் பதில் சொல்லும் சதாவதானத்தை 1907 ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்த்திக் காட்டிய செய்குத்தம்பிப் பாவலரும் நெடுங்காலப் பயிற்சியால் கவனத்தைப் பழக்கி வைத்திருந்தவரே. வேதியியல் தொகுதிகளையும் வரலாற்றுக் காரணங்களையும் முதலெழுத்துகளைக் கோத்து ஒரு வரியாக்கிப் பாருங்கள். வரியை நீங்களே கட்டுவது நல்லது. இன்னொருவர் கட்டிய வரி பாதிதான் ஒட்டும்.

கேள்வி: நான் கொழும்பில் வேலை செய்கிறேன். 74 வயதான அப்பா பொகவந்தலாவையில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். ஒரு வருடமாகக் கேட்டதையே கேட்கிறார். போன மாதம், நாற்பது வருடம் நடந்த பாதையில் டவுனிலிருந்து வீடு திரும்பத் தெரியாமல் நின்றிருந்தார். ஆனால் இளவயதில் கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடிகளைக் கத்தரித்த) மலைகளின் நம்பர்களையும் கங்காணிமாரின் பெயர்களையும் பிழையில்லாமல் சொல்கிறார். வயதானால் இப்படித்தான் என்று அண்ணன் சொல்கிறார். (கொழும்பு)

பதில்: அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. வயது ஏறும்போது நினைவு வந்துசேரச் சற்று நேரம் எடுக்கும். கண்ணாடியைத் தேடுவார்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்களை மாற்றி அழைப்பார்கள். நன்கு பழகிய பாதையில் திசை தெரியாமல் நிற்பது அந்த வகையைச் சேர்ந்ததன்று. இந்த மாதத்துக்குள் அப்பாவை வைத்தியசாலைக்கு அழைத்துப் போக வேண்டும்.

போகும்போது அவருடன் இருந்து கவனித்தவரே உடன் போகட்டும். எப்போது தொடங்கியது, படிப்படியாகக் கூடியதா அல்லது திடீரென்று கூடியதா, பணத்தை எண்ணத் தெரிகிறதா, மருந்தைத் தாமாக எடுக்கிறாரா என்பவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். முக்கியமான ஒன்றை விட்டுவிடக் கூடாது: கடந்த சில மாதங்களில் படியிலோ மலைப்பாதையிலோ வழுக்கி விழுந்தாரா? முதியவர் விழும்போது தலையோட்டுக்குள் மெல்லக் கசிகின்ற இரத்தம் சில வாரங்களின் பின்னரே குழப்பமாக வெளிப்படும். சிறிய சத்திரசிகிச்சையால் அதைச் சரிப்படுத்த முடியும். மது அருந்தும் பழக்கம் இருந்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். நெடுங்காலக் குடியால் விற்றமின் பி1 குறைந்து ஞாபகம் கெடுவதுண்டு; காலத்தோடு கண்டால் மேலும் கெடாமல் நிறுத்தலாம். எப்போதாவது இரண்டொரு நாளுக்குள் அவர் பேச்சுத் தடுமாறி, நேரம் காலம் தெரியாமல் போனால், அதை மறதியென்று எண்ணி வீட்டில் வைத்திருக்காமல் அன்றே கொண்டு செல்லுங்கள். சிறுநீர்த் தொற்றும் உடலில் உப்பு குறைவதும் பக்கவாதமும் அவ்வாறு தொடங்கலாம்.

பழையவை மட்டும் எப்படித் தெளிவாக இருக்கின்றன என்று வியந்திருக்கிறீர்கள். மூளையின் இரு பக்கங்களிலும் உள்ளே ஹிப்போகாம்பஸ் என்ற ஒரு சிறு பகுதி இருக்கிறது. புதிய நிகழ்ச்சிகளைப் பதிகிற வேலை அதனுடையது. 1953 இல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக அந்தப் பகுதியின் பெரும் பாகத்தை இரு பக்கமும் அகற்றினார்கள். அதன் பிறகு அவர் 2008 இல் இறக்கும்வரை புதிதாகச் சந்தித்த எவரையும் நினைவில் வைத்திருக்க முடியவில்லை. சிறுவயது ஞாபகங்கள் இருந்தன. கைவேலைகளைப் புதிதாகப் பழகவும் முடிந்தது. 1906 இல் அலோய்ஸ் அல்சைமர் முதன்முதலாக விவரித்த நோயும் பெரும்பாலும் இந்தப் பகுதியிலும் அதனை அடுத்தும்தான் தொடங்குகிறது. உங்கள் அப்பாவுக்கு இருப்பது அதுவா என்பதை நேரில் பார்த்த வைத்தியரே சொல்ல வேண்டும். ஆனால் மலை நம்பர்கள் நிற்பதும் நேற்றைய சாப்பாடு நிற்காததும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதை அண்ணனிடம் சொல்லுங்கள். “வேண்டுமென்றே செய்கிறார்” என்ற எண்ணம் அந்த வீட்டில் இருந்தால் அது அகலட்டும்.

காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மறதி நோய்க்கான காரணங்களில் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடியவை பதினான்கு என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவது, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், தனிமை, பார்வைக் குறைவு ஆகியவை அவற்றில் அடங்கும். காது கேளாதவருக்குச் சொன்னது மறப்பதில்லை, அது அவரைப் போய்ச் சேருவதே இல்லை.

இனி, வீட்டில் பேசும் முறை. “இது யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்” என்று அவரைச் சோதிக்கவே கூடாது. விடை தெரியாத கேள்வியின் முன் மற்றவர்கள் பார்க்க ஒரு முதியவர் நிற்பது எவ்வளவு பெரிய அவமானம் என்பதை வைத்தியசாலைகளில் பலமுறை கண்டிருக்கிறேன். “அப்பா, சின்னவன் வந்திருக்கிறேன், கொழும்பிலிருந்து” என்று நீங்களே சொல்லிக்கொண்டு உள்ளே போங்கள். ஐந்தாம் முறை கேட்டாலும் முதல்முறை கேட்டதாகவே பதில் சொல்லுங்கள், ஏனெனில் அவருக்கு அது முதல்முறைதான். முற்றத்துத் தேயிலைச் செடியைக் காட்டி அதை எப்படிக் கவ்வாத்து வெட்டுவது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கேளுங்கள். கைக்குத் தெரிந்தது கடைசிவரை நிற்கும். சட்டைப்பையில் உங்களுடைய தொலைபேசி இலக்கத்தைத் தைத்துவிடுங்கள். நோய் உறுதியானால், கொழும்பில் இருக்கிற லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷனில் பராமரிப்பவர்களுக்கான ஆலோசனையைக் கேட்கலாம். உங்கள் அண்ணனுக்கு அது தேவைப்படும். நோயாளியைப் பார்த்துக்கொள்பவரையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் அப்பாயிக்கு 86 வயது. மஸ்கெலியாவின் பழைய டவுனைப் பற்றியும், இந்தியாவுக்குப் போன சொந்தங்களைப் பற்றியும் நிறையச் சொல்வார். அவருடைய தகரப் பெட்டியில் புகைப்படங்களும் நீலகிரியின் கூடலூரிலிருந்து வந்த கடிதங்களும் இருக்கின்றன. சில பூஞ்சணம் பிடித்துவிட்டன. இவற்றை எப்படிக் காப்பாற்றுவது? கைத்தொலைபேசியை நீட்டி “சொல்லுங்கள்” என்றால் “என்னத்தச் சொல்ல” என்று நிறுத்திவிடுகிறார். (மஸ்கெலியா)

பதில்: தொடங்கிவிட்டீர்கள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எங்கள் வீட்டில் ஒரு புகைப்படம் இருக்கிறது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள். மூன்றாவதாக நிற்பவர் என் அப்பா. மற்ற ஆறு பேர் யாரென்று அப்பா இருந்தபோது நான் கேட்கவில்லை. இப்போது சொல்ல ஒருவரும் இல்லை.

ஆகவே முதல் வேலை பெயர் எழுதுவது. பெட்டியைத் திறந்து, படங்களை ஒவ்வொன்றாக அப்பாயியின் கையில் கொடுத்து, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டு, படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

அவர் பேசாமல் நிறுத்துவதற்குக் காரணம் உங்கள் கேள்வியின் அகலம். “சொல்லுங்கள்” என்றால் எங்கே தொடங்குவது? காலையில் பிரட்டுத் தப்பு அடித்ததும் முதலில் என்ன செய்வீர்கள், பிள்ளைமடுவத்தில் பிள்ளையை விட்டால் பால் கொடுக்க எத்தனை மணிக்கு வரவிடுவார்கள், அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்ட நாளில் வீட்டில் என்ன சமைத்தீர்கள் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். கையில் ஒரு பொருள் இருந்தால் இன்னும் நல்லது: பழைய கொழுந்துக் கூடை, சம்பளத் துண்டு, முறுக்கு உரல். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலமே முதியவர்களின் நினைவில் மிகவும் அடர்த்தியாக இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.

வருடத்தைக் கேட்காதீர்கள். எங்கள் முதியவர்கள் வருடத்தை இலக்கமாக வைத்திருக்கவில்லை, நடந்தவற்றைக் கொண்டே வைத்திருந்தார்கள். மவுசாக்கலை அணை கட்டிப் பழைய டவுன் தண்ணீருக்குள் போனதற்கு முன்பா, பின்பா என்று கேட்டால் 1969 என்ற கல் நடப்பட்டுவிடும். தோட்டத்து மக்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவான ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபரில். மாவுக்கும் அரிசிக்கும் தவித்த பஞ்சகாலம் 1973, 1974. கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது 1975. பெண்களுக்கு ஆண்களின் சம்பளமே கிடைத்தது 1984. இந்த ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டால், எந்தத் திருமணத்தையும் எந்தச் சாவையும் இரண்டு மூன்று வருடங்களுக்குள் கண்டுபிடித்துவிடலாம். மழை குறைந்து நீர்த்தேக்கம் வற்றுகிற மாதத்தில், பழைய டவுனின் கோயில் இடிபாடுகள் வெளியே தெரியும்போது, முடியுமானால் அவரைக் கரைக்கு அழைத்துப் போங்கள். இடத்தைக் கண்டால் வீட்டில் வராத பேச்சு அங்கே வரும்.

ஒரே கதையை இரண்டு விதமாகச் சொன்னால் இடையில் திருத்த வேண்டாம். நினைவு ஒவ்வொரு முறை எடுக்கப்படும்போதும் சிறிது மாற்றிக் கட்டப்படுகிறது என்பதை ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற கேம்பிரிட்ஜ் உளவியலாளர் 1932 இலேயே காட்டியிருக்கிறார். இரண்டையும் பதிவு செய்து, திகதியிட்டு வையுங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பது பிறகு வரும் வேலை. ஒரு முறைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அவர் சொல்ல விரும்பாத ஒன்று இருந்தால் அதை விட்டுவிடுங்கள். கப்பலேறிய அக்காளைப் பற்றிக் கேட்டபோது அழுதார் என்று எழுதியிருக்கிறீர்கள். தொலைபேசியை நிறுத்திவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்ததே சரி.

படங்களையும் கடிதங்களையும் பற்றி: எங்கள் மலையின் ஈரம்தான் அவற்றின் முதல் எதிரி. பனிமூட்டமான காலையில் பெட்டியைத் திறக்க வேண்டாம். மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்தில் தை, மாசி காய்ந்த காலம். ஊவாப் பக்கத்து வாசகர்களுக்கு ஆனி, ஆடி. அப்போது நிழலில், காற்றோட்டத்தில் பரப்பிவையுங்கள். நேர்வெயிலில் வைத்தால் வெளுக்கும். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்தபின், மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரித்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அப்படியே வைத்துப் படமெடுங்கள். பசையுள்ள அல்பங்களைத் தவிருங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டாமலும் தரையில் படாமலும் வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவற்றை அவ்வப்போது மாற்றுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர்மேலிருந்து கைத்தொலைபேசியில் படமெடுத்து, குறைந்தது இரண்டு ஊர்களில் பிரதி வையுங்கள். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) மனிதர்களோடு புதைந்தன. பிழைத்தவர்களில் பலரிடம் பிறப்புச் சான்றிதழும் இல்லை, இறந்த பிள்ளையின் படம் ஒன்றும் இல்லை. அடையாள அட்டை, பிறப்பு, விவாகப் பதிவுகள், பிரஜாவுரிமைச் சான்றிதழ், சேமலாப நிதிப் பத்திரங்கள் ஆகியவற்றையும் அதே நாளில் படமெடுத்துவிடுங்கள். கூடலூர்க் கடிதங்களுக்கு அங்கே பதில் கடிதங்கள் இருக்கும். உறவினரின் முகவரி கிடைத்தால், அவர்களிடமும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பேச்சின் ஒரு பாதி உங்களிடம் இருக்கிறது, மறு பாதி நீலகிரியில் இருக்கிறது.

கேள்வி: அம்மா இறந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. முகம் படத்தில் இருக்கிறது. குரல் மறந்துவிட்டது. அதை நினைக்கும்போது நான் குற்றவாளியாக உணர்கிறேன். (பதுளை)

பதில்: குரல் மறப்பது அன்பு குறைந்ததால் அன்று. முகத்தைப் படம் தினமும் நினைவூட்டுகிறது. குரலுக்கு அப்படியொன்று வீட்டில் இல்லை, அவ்வளவுதான். பல பிள்ளைகளுக்கு முதலில் போவது குரலே. என் அம்மாவின் குரலும் எனக்கு நெடுநாள் கேட்காமல் இருந்தது.

முதலில் தேடுங்கள். உறவினரின் திருமண வீடியோ, பூப்பு நீராட்டு விழா வீடியோ, வெளிநாட்டுக்குப் பேசிப் பதிந்து அனுப்பிய கசெட், அக்காளின் பழைய தொலைபேசி, இவற்றில் பின்னணியிலாவது அம்மா பேசியிருப்பார். கசெட் கிடைத்தால் உடனே ஓட்டிப்பார்க்க வேண்டாம். ஈரத்தில் கிடந்த நாடா ஒட்டி அறுந்துவிடும். கசெட்டைக் கணினிக்கு மாற்றித் தரும் ஸ்டூடியோக்காரரிடம் கொடுங்கள்.

ஒன்றும் கிடைக்காவிட்டால், மணத்தின் வழியாகப் போகலாம். மற்றப் புலன்களைவிட மணம் மூளையின் ஞாபகப் பகுதிக்கும் உணர்ச்சிப் பகுதிக்கும் குறுக்கு வழியில் போய்ச் சேருகிறது. அம்மா வைத்த ரசத்தை அவருடைய கைப்பக்குவத்தில், முடியுமானால் விறகடுப்பில் வையுங்கள். அவர் உங்களை எப்படி அழைத்தார், எந்தச் சொல்லால் ஏசினார், பஸ்ஸுக்கு நேரமானால் என்ன சொல்வார் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். நினைவுக்கு வருகிறபோதெல்லாம் ஒரு வரி போதும். எழுதியதை வாய்விட்டு, அவர் இழுத்த இடத்தில் இழுத்து, அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்திச் சொல்லிப்பாருங்கள். எனக்கு அப்படித்தான் திரும்பி வந்தது, மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், நான்கே சொற்கள்.

அம்மாவின் தங்கை பண்டாரவளையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உடன்பிறந்தவர்களின் குரல் பெரும்பாலும் ஒத்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை சின்னம்மாவிடம் போய், அம்மா உங்களைக் கூப்பிட்டது போல ஒரு முறை கூப்பிடச் சொல்லுங்கள். அவருடைய சம்மதத்தோடு பதிவும் செய்துகொள்ளுங்கள்.